உண்மையால் ஈடேற்றம் பெற்றவர்: ஹழ்ரத் கஃபு பின் மாலிக் (ரலி)

செய்துவிட்ட தவறு ஒன்று நெஞ்சிலே முள்ளாய்த் தைத்து நிற்க, அதை வெளியே சொல்லவும் இயலாமல் உள்ளே விழுங்கவும் இயலாமல் தவிப்போர் நம்மிடையே பலருண்டு. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின்பும் பள்ளிவாசலின் தூணோரம் காத்திருப்பார்கள். ஆலிம் தனித்திருக்கும் நேரம் பார்த்து அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சுற்றி வளைத்துப் பேசுவார்கள். கடைசியில் அவர்கள் கேட்க வந்தது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். தம் பாவம் மன்னிக்கப்படுமா, இழந்த நிம்மதி இனி வருமா என்பதே அது.

இத்தகையோருக்கு நம் பெரியோர்கள் காலங்காலமாய்ச் சொல்லிவரும் வரலாறு ஒன்றுண்டு. அது ஒரு பெரும் பாவியின் வரலாறன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைத் தோழர் ஒருவரின் வரலாறு. தாம் செய்த தவறையும், அதனால் பட்ட பாட்டையும், பெற்ற மன்னிப்பையும் அவர்களே தம் வாயால் எடுத்துரைக்க, அவர்களுடைய மகனார் கேட்டு, மகனாரின் வழியே பேரனார் கேட்டு, புகாரீ, முஸ்லிம் ஆகிய ஸஹீஹான இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. அவர்கள்தாம் ஹழ்ரத் கஃபு பின் மாலிக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள்.

அன்ஸாரிக் கவிஞர்

மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில், பனூ ஸலிமா என்னும் கிளையில் தோன்றியவர்கள் கஃபு (ரலி) அவர்கள். இஸ்லாத்திற்கு முன்பே கவிஞரெனப் பெயர் பெற்றிருந்தார்கள். ஹிஜ்ரத்திற்குச் சற்று முன்னர், கி.பி. 622-ல், மதீனாவாசிகள் எழுபதுக்கும் மேற்பட்டோர் மக்காவுக்கு அருகிலுள்ள அகபாக் கணவாயில் இரவு நேரத்தில் கூடி, அண்ணலாரின் திருக்கரம் பற்றி பைஅத் செய்தார்களல்லவா? அக்கூட்டத்தில் கஃபு (ரலி) அவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் நாயகத்தை அவர்கள் கண்டதில்லை. ஹழ்ரத் அப்பாஸ் அவர்கள் கஃபின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தபோது, அந்தக் கவிஞர்தானா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைத் தம் ஆயுள் முழுதும் மறக்க முடியவில்லையென்று கஃபு (ரலி) பின்னாளில் கூறினார்கள்.

உஹதுக் களத்தில் பெருமானார் கொல்லப்பட்டு விட்டார்கள் என்ற பொய்ச்செய்தி பரவி முஸ்லிம்கள் சிதறி நின்றபோது, இரும்புத் தொப்பியின் கீழே ஒளிவீசிய திருக்கண்களைக் கண்டு, நாயகம் உயிரோடிருக்கிறார்கள் என உரத்த குரலில் முதலில் நற்செய்தி முழங்கியவர்களும் இவர்களே. அன்று இவர்கள் எழுப்பிய நற்செய்திக் குரலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு நாளில் இவர்களுக்காகவும் ஒரு குரல் எழுந்தது.

ஹஸ்ஸான் பின் ஸாபித், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகியோருடன் சேர்த்து நாயகத்தின் கவிஞர்கள் மூவரில் ஒருவரென இவர்கள் எண்ணப்பட்டார்கள். பத்றுப் போரிலும் தபூக்கிலும் தவிர, மற்றப் போர்களில் இவர்கள் நாயகத்தை விட்டுப் பின்தங்கியதில்லை. பத்றுக்குச் செல்லாதவர் எவரும் கண்டிக்கப்படவுமில்லை. ஏனெனில் அன்று குறைஷிகளின் வணிகக் கூட்டத்தை நாடித்தான் புறப்பட்டார்கள். போர் எதிர்பாராமல் நேர்ந்தது. தபூக்கின் கதை வேறு.

நாளை என்னும் நோய்

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு, ரஜப் மாதம். கி.பி. 630. ரோமர்களை எதிர்கொள்ளத் தபூக் நோக்கிப் புறப்படும்படி நாயகம் (ஸல்) அவர்கள் எல்லோருக்கும் கட்டளையிட்டார்கள். மதீனாவிலிருந்து தபூக் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவு, இடையே பாலைவனம். கடுமையான வெயில். பொதுவாகப் போருக்குச் செல்லும்போது போகுமிடத்தை வெளிப்படையாய்ச் சொல்லாத நாயகம், இம்முறை பயணத்தின் நீளத்தையும் எதிரியின் பலத்தையும் கருதி, மக்கள் தக்கபடி ஆயத்தமாகட்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அதே வேளையில் மதீனாவின் தோட்டங்களில் பேரீச்சங்கனிகள் பழுத்துத் தொங்கின. மரநிழல்கள் மனத்தை இழுத்தன.

கஃபு (ரலி) அவர்களுக்கோ உடலில் நோயில்லை, கையில் வறுமையுமில்லை. வாழ்நாளில் அப்போதிருந்த வசதி அதற்கு முன் அவர்களுக்கு இருந்ததேயில்லை. முதன்முறையாக இரண்டு வாகன ஒட்டகங்கள் அவர்களிடம் இருந்தன. புறப்பட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் பயண ஏற்பாட்டிற்காக வெளியே செல்வார்கள். ஒன்றும் செய்யாமலே வீடு திரும்புவார்கள். நினைத்த நேரத்தில் முடித்துவிடலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சமாதானம் சொல்லும். இப்படியே நாட்கள் கழிய, ஒரு வியாழக்கிழமை சேனை புறப்பட்டே விட்டது. ஓரிரு நாளில் பின்தொடர்ந்து சேர்ந்துகொள்ளலாமென்று நினைத்தார்கள். அதுவும் கைகூடவில்லை. சேனை எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது.

சேனையில் சென்றவர்கள் பெருந்தொகையினர். அவர்களின் பெயர்களை எழுதி வைத்த பதிவேடு எதுவும் இல்லை. ஒருவர் மறைந்து கொண்டால், வஹீ வந்தாலொழிய வெளிப்படாது என்று எண்ணக்கூடிய நிலைமை. எனினும் மனச்சாட்சியின் பதிவேட்டை யார் அழிக்க இயலும்? கஃபு (ரலி) வீதியில் இறங்கி நடக்கும்போதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டவர்கள் இரு வகையினர். ஒன்று, நயவஞ்சகத்தில் மூழ்கியவர்களெனப் பேர் வாங்கியவர்கள். மற்றது, அல்லாஹ்வே சலுகை அளித்த இயலாதவர்கள். தம்மைப் போன்ற ஒருவரைக்கூடக் காணவில்லை. அப்போதுதான் அவர்களின் கவலை தொடங்கிற்று.

தபூக்கில் நாயகம் (ஸல்) அவர்கள் கஃபைப் பற்றி விசாரித்தார்கள். அவருடைய குலத்தவர் ஒருவரே, அழகிய ஆடையும் அதை அணிந்து தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் பெருமிதமும் அவரைத் தடுத்துவிட்டதாய்க் குத்தலாகச் சொன்னார். உடனே ஹழ்ரத் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள் அப்பேச்சைக் கண்டித்து, கஃபிடம் தாங்கள் நன்மையன்றி வேறெதையும் அறியவில்லையென்று எடுத்துரைத்தார்கள். நாயகம் மௌனமாயிருந்தார்கள். இல்லாதவரின் மானத்தைக் காத்த முஆத் (ரலி) அவர்களின் அச்செயலையும் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுகளில் நாம் நினைத்துக்கொள்வது நல்லது.

உண்மையைச் சொன்ன வேளை

சேனை திரும்பி வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் கஃபு (ரலி) அவர்களைத் துயரம் கவ்விக்கொண்டது. என்ன பொய் சொல்லித் தப்பலாமென்று மனம் தேடியது. வீட்டிலுள்ள விவேகிகளிடமும் யோசனை கேட்டார்கள். ஆனால் நாயகம் மதீனாவை நெருங்கிவிட்டார்கள் என்று கேட்டவுடனே அந்தப் பொய்களெல்லாம் நெஞ்சைவிட்டு அகன்றன. பொய் கலந்த எதுவும் தம்மைக் காப்பாற்றாதென்று உறுதியாகத் தெரிந்தது. உண்மையே சொல்வதென்று தீர்மானித்தார்கள்.

பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மக்களைச் சந்திக்க அமர்வது அண்ணலாரின் வழக்கம். அவ்வாறே அமர்ந்தார்கள். பின்தங்கியவர்கள் எண்பதுக்கும் சற்று அதிகமானவர்கள் ஒவ்வொருவராய் வந்து காரணங்கள் சொல்லிச் சத்தியமும் செய்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களின் வெளித்தோற்றத்தை ஏற்று, அவர்களுக்காகப் பாவமன்னிப்பும் வேண்டி, உள்ளத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள்.

கஃபு (ரலி) வந்து ஸலாம் சொன்னார்கள். கோபம் கொண்டவரின் புன்னகை நாயகத்தின் முகத்தில் தோன்றியது. வாகனம் வாங்கி வைத்திருந்தும் ஏன் வரவில்லையென்று வினவினார்கள். உலகில் வேறெவர் முன்னால் இருந்தாலும் ஏதேனும் ஒரு காரணம் சொல்லி அவரது கோபத்திலிருந்து தாம் தப்பிவிட முடியும், அதற்கான நாவன்மையும் தமக்குண்டு என்று கஃபு (ரலி) ஒளியாமல் கூறினார்கள். ஆனால் இன்று பொய்யால் நாயகத்தைத் திருப்திப்படுத்தினாலும் அல்லாஹ் விரைவில் நாயகத்தைத் தம்மீது கோபம் கொள்ளச் செய்துவிடுவான். உண்மையைச் சொல்லி நாயகத்தின் கோபத்திற்கு ஆளானாலும் அல்லாஹ்விடம் நல்ல முடிவை எதிர்பார்க்கலாம் என்றார்கள். பிறகு, தமக்கு எந்தக் காரணமும் இல்லை, அப்போதிருந்த உடல்வலுவும் வசதியும் தமக்கு முன்பு ஒருபோதும் இருந்ததில்லையென்று ஒப்புக்கொண்டார்கள்.

இவர் உண்மை சொல்லிவிட்டார் என்று கூறிய நாயகம், அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை எழுந்து போகும்படி பணித்தார்கள்.

வெளியே வந்ததும் பனூ ஸலிமாவினர் சூழ்ந்துகொண்டார்கள். மற்றவர்களைப் போல் ஏதாவதொரு காரணம் சொல்லியிருக்கலாகாதா, அதனால் ஏற்படும் பாவத்திற்கு நாயகத்தின் இஸ்திஃபாரே போதுமாயிருக்குமே என்று இடித்துரைத்தார்கள். அவர்கள் பகைவர்களல்ல, நலம் நாடும் சொந்த பந்தங்கள். இத்தகைய சொந்தங்களின் யோசனைதான் மனிதனை எளிதில் சாய்க்கிறது. திரும்பிப் போய்த் தாம் சொன்னதைத் தாமே பொய்யென்று சொல்லிவிடலாமா என்னும் அளவுக்குக் கஃபு (ரலி) அவர்களின் மனம் தடுமாறிற்று. தம்மைப் போல வேறு எவரேனும் உண்டா என்று கேட்டார்கள். முராரா பின் ரபீஉ, ஹிலால் பின் உமையா (ரலி) ஆகிய இருவரும் இவ்வாறே உண்மை சொல்லி, இதே பதிலைப் பெற்றார்கள் என அறிந்ததும் மனம் நிலைபெற்றது. நல்லவர்களின் முன்மாதிரி இப்படித்தான் வழுக்கும் காலைத் தாங்கும்.

குறுகிப்போன பூமி

இம்மூவருடன் எவரும் பேசலாகாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடை விதித்தார்கள். மக்கள் விலகினார்கள். பிறந்து வளர்ந்த மதீனா, முன்பின் அறியாத ஊரைப்போல் ஆயிற்று. மற்ற இருவரும் வீட்டிலேயே அடைந்து அழுதுகொண்டிருந்தார்கள். கஃபு (ரலி) அவர்களே மூவரில் இளையவர், திடமும் உடையவர். ஆதலால் ஜமாஅத்துக்கு வருவார்கள், கடைவீதியில் நடப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். தொழுகைக்குப் பின் நாயகத்திற்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அந்தத் திருவுதடுகள் அசைந்தனவா இல்லையா என்று உற்றுப் பார்ப்பார்கள். அருகிலேயே நின்று தொழுவார்கள். இவர்கள் தொழுகையில் ஈடுபட்டிருக்கும்போது நாயகம் இவர்களைப் பார்ப்பார்கள். இவர்கள் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்நிலையிலேயே தாம் இறந்துவிட்டால் நாயகம் தமக்கு ஜனாஸா தொழ வைக்கமாட்டார்களே, நாயகம் மறைந்துவிட்டால் தமக்கு என்றென்றும் இதே கதிதானே என்ற எண்ணமே கஃபு (ரலி) அவர்களை மிகவும் வாட்டியது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தம் நெருங்கிய உறவினரும் உயிர் நண்பருமான அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டத்துச் சுவரேறி உள்ளே போய் ஸலாம் சொன்னார்கள். பதிலில்லை. தாம் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பதை அறிவீரல்லவா என்று அல்லாஹ்வின் பெயரால் கேட்டார்கள். மௌனம். மீண்டும் கேட்டார்கள், மௌனம். மூன்றாம் முறை, அல்லாஹ்வும் அவன் ரஸூலுமே நன்கறிவார்கள் என்ற பதில் மட்டும் வந்தது. கஃபு (ரலி) அவர்களின் கண்கள் குளமாயின. வந்த வழியே சுவரேறித் திரும்பினார்கள்.

இந்நிலையில்தான் சோதனை வேறு வடிவில் வந்தது. ஷாம் தேசத்திலிருந்து தானியம் விற்க வந்த ஒருவன் கடைவீதியில் கஃபைத் தேடி வந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தான். கஸ்ஸான் மன்னன் அனுப்பிய கடிதம் அது. அவர்களின் தலைவர் அவர்களைப் புறக்கணித்துவிட்டதாய்க் கேள்விப்பட்டதாகவும், தம்மிடம் வந்தால் ஆதரவளிப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. மனம் புண்பட்ட ஒருவருக்கு, ஊரே ஒதுக்கிய ஒருவருக்கு, அரசவையின் அழைப்பு! கஃபு (ரலி) அவர்கள் இதுவும் ஒரு சோதனையே என்றெண்ணினார்கள். நேரே அடுப்புக்குப் போய் அக்கடிதத்தை நெருப்பிலிட்டார்கள். ரோசத்தில் தீனைவிட்டும் ஜமாஅத்தைவிட்டும் வெளியேறுவோர், அந்த அடுப்பை நினைத்துப் பார்க்கட்டும்.

நாற்பது நாட்கள் கழிந்தன. மனைவியரை விட்டும் விலகியிருக்கும்படி ஆணை வந்தது. தலாக் சொல்லவேண்டுமா என்று கேட்டு, வேண்டாம், நெருங்காமலிருந்தால் போதும் என அறிந்து, முடிவு வரும்வரை தாய்வீட்டில் இருக்கும்படி மனைவியை அனுப்பிவைத்தார்கள். ஹிலால் (ரலி) அவர்களின் மனைவியார் நாயகத்திடம் சென்று, தம் கணவர் பணிவிடை செய்ய ஆளில்லாத முதியவரென்றும், இது நடந்த நாள் முதல் அழுதுகொண்டே இருக்கிறாரென்றும் முறையிட்டு, உடனிருந்து பணிவிடை செய்ய மட்டும் அனுமதி பெற்றார்கள். கஃபு (ரலி) அவர்களையும் அவ்வாறு கேட்கும்படி சிலர் சொன்னபோது, தாம் இளைஞராயிருப்பதால் கேட்க மாட்டேனென்று மறுத்துவிட்டார்கள்.

ஐம்பதாம் நாள் வைகறை

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்தில் நாயகம் தங்கியிருந்த இரவு. இரவின் கடைசி மூன்றிலொரு பகுதியில் வஹீ இறங்கியது. கஃபின் விஷயத்தில் பரிவு கொண்டிருந்த அன்னையவர்கள் உடனே சொல்லியனுப்பலாமா என்று கேட்டார்கள். மக்கள் திரண்டுவந்து எஞ்சிய இரவின் உறக்கத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று நாயகம் நிறுத்திவைத்து, ஸுபுஹு தொழுகைக்குப் பின் அறிவித்தார்கள்.

கஃபு (ரலி) அவர்கள் தம் வீட்டொன்றின் மாடியில் ஸுபுஹு தொழுதுவிட்டு, இவ்வளவு விசாலமான பூமி தமக்குக் குறுகிவிட்டதே என்ற துயரில் அமர்ந்திருந்தார்கள். அப்போது ஸல்உ மலையின் உச்சியிலிருந்து ஒருவர் பெருங்குரலெடுத்து அவர்கள் பெயரைச் சொல்லி, நற்செய்தி பெறும்படி கூவினார். கஃபு (ரலி) அந்த இடத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார்கள். அன்று உஹதில் நற்செய்தி கூவியவருக்கு இன்று மதீனாவின் மலையிலிருந்து நற்செய்தி வந்தது. அதே செய்தியைக் கொண்டு வேறொருவர் குதிரையிலும் விரைந்து வந்தார். ஆனால் குரலே குதிரையை முந்திவிட்டது. குரல் கொடுத்தவர் நேரில் வந்தபோது, தாம் உடுத்தியிருந்த இரண்டு ஆடைகளையும் கழற்றி அவருக்கு அன்பளித்துவிட்டு, தாம் இரவல் ஆடை வாங்கி உடுத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள்.

வழியெங்கும் மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து வாழ்த்தினார்கள். ஐம்பது நாள் பேசாதிருந்த நாவுகள் இப்போது நிறுத்தவே இல்லை. பள்ளிவாசலில் நாயகத்தைச் சூழ்ந்து மக்கள் அமர்ந்திருக்க, தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் எழுந்து ஓடிவந்து கைலாகு கொடுத்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறெவரும் எழுந்து வரவில்லை. தல்ஹாவின் அந்த அன்பைக் கஃபு (ரலி) கடைசிவரை மறக்கவில்லை. திருந்திய ஒருவரை எழுந்து சென்று வரவேற்பது எவ்வளவு பெரிய காரியம், பாருங்கள்!

நாயகத்தின் திருமுகம் சந்திரனின் துண்டு போல ஒளிர்ந்தது. தாய் பெற்ற நாளிலிருந்து இதைவிடச் சிறந்த நாள் அவருக்கு வந்ததில்லையென்று நற்செய்தி கூறினார்கள். இம்மன்னிப்பு நாயகத்தினுடையதா அல்லாஹ்வினுடையதா என்று கஃபு (ரலி) கேட்க, அல்லாஹ்வினுடையதே என்று பதில் வந்தது. நன்றியாகத் தம் செல்வம் முழுவதையும் ஸதகாவாக்க முன்வந்தார்கள். ஓரளவை வைத்துக்கொள்வதே நல்லதென்று நாயகம் அறிவுறுத்தவே, கைபரிலிருந்த தம் பங்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உண்மையே தம்மைக் காத்ததால் உயிருள்ளவரை உண்மையே பேசுவதாகவும் உறுதி செய்தார்கள்.

திருமறையின் 9-ஆவது அத்தியாயமான ஸூரத்துத் தவ்பாவின் 117 முதல் 119 வரையிலான வசனங்கள் இந்நிகழ்ச்சியைக் குறித்தவை. அவற்றில் இம்மூவரைப் பற்றி வரும் பின்தள்ளப்பட்டோர் என்ற சொல், போருக்குப் போகாமல் தங்கியதைக் குறிக்கவில்லை, தீர்ப்பு பிற்படுத்தப்பட்டதையே குறிக்கிறதென்று கஃபு (ரலி) அவர்களே விளக்கம் தந்துள்ளார்கள். பொய்ச்சத்தியம் செய்து அன்றைக்கே தப்பியவர்களைப் பற்றியோ அதே அத்தியாயத்தின் 95, 96-ஆம் வசனங்கள் கடுமையாகக் கண்டிக்கின்றன. அவர்கள் ஒரு நாளில் தப்பினார்கள்; நிரந்தரமாய்க் கெட்டார்கள். இவர்கள் ஐம்பது நாள் வெந்தார்கள், நிரந்தரமாய் ஈடேறினார்கள்.

முதுமையில் கஃபு (ரலி) அவர்களின் பார்வை போய்விட்டது. மகனார் அப்துல்லாஹ் அவர்கள் கைபிடித்து நடத்திச் செல்வார்கள். அந்த மகனாருக்குத்தான் இவ்வரலாறு முழுவதையும், வாகனம் இரண்டு இருந்ததைக்கூட மறைக்காமல் சொன்னார்கள். ஹழ்ரத் முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் வஃபாத்தானார்கள்.

நமக்குள்ள படிப்பினை

அன்பர்களே, ஒரு விஷயத்தில் தவறான விளக்கம் கொள்ளக்கூடாது. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் மறைவாய் நிகழ்ந்த பாவத்தை ஊரறியச் சொல்லும்படி மார்க்கம் கட்டளையிடவில்லை. அல்லாஹ் மறைத்ததை நாமே வெளிப்படுத்துவது வெறுக்கப்பட்டதாகும். அப்பாவத்தை இரவின் தனிமையில் அவனிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் ஒருவரும் தேவையில்லை. கஃபு (ரலி) அவர்களின் தவறோ எல்லோருக்கும் தெரிந்தது. கேட்டவர்களும் அல்லாஹ்வின் தூதரே. எனவே அவர்கள் உண்மை சொன்னார்கள்.

பாவத்தை உடனே விடுவது, அதற்காக மனம் வருந்துவது, மீண்டும் செய்வதில்லையென உறுதி கொள்வது ஆகிய மூன்றும் தவ்பாவுக்கு ஷர்த்துகளென நம் உலமாக்கள் கூறுவர். பிறருடைய உரிமை கலந்திருந்தால் நான்காவதொன்றும் உண்டு. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். புண்படுத்தியிருந்தால் அவரிடமே மன்னிப்புக் கேட்கவேண்டும். சகோதரியின் சொத்துப்பங்கைத் தராமல் வைத்துக்கொண்டு தஸ்பீஹ் உருட்டுவதால் நெஞ்சின் முள் கழன்றுவிடாது. அவள் வீட்டு வாசலுக்குப் போய் நின்றால்தான் கழலும்.

இன்னொன்றும் உண்டு. அம்மூவரையும் ஒதுக்கியது அல்லாஹ்வின் தூதர் இட்ட கட்டளை. அதைச் சாக்காக வைத்து, சொந்தக் கோபத்திற்காக அண்ணன் தம்பியும், மாமியும் மருமகளும் வருடக்கணக்கில் பேசாதிருப்பதற்கு அனுமதி கிடையாது. ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாதென்று அதே நாயகம் (ஸல்) அவர்களே தடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் தவறு செய்துவிட்டுத் தலைகுனிந்து வரும் பிள்ளைக்கு, நாம் தல்ஹாவைப் போல எழுந்து ஓடிச்செல்கிறோமா, இல்லை, சொல்லிச் சொல்லியே மீண்டும் வெளியே தள்ளுகிறோமா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கிறதென்றால் அதில் ஈமானின் உயிர் இருக்கிறதென்று பொருள். அந்த வேதனை நம்மைப் பொய்யின் பக்கமும் விரக்தியின் பக்கமும் தள்ளாமல், அல்லாஹ்வின் பக்கம் தள்ளட்டும். அவனிடமிருந்து தப்பி ஓட அவனிடமன்றி வேறு புகலிடமில்லை என்பதை அம்மூவரும் கண்டுகொண்டார்கள். கண்டுகொண்ட அன்றே கதவும் திறந்தது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உண்மை பேசும் நாவையும், உண்மையான தவ்பாவையும், பிறர் குற்றம் மன்னிக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.